கண்டக்குழி வெயிலும் இரண்டாயிரம் நிட்டும்

முன்பெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார். எத்தனை அங்குலம்? என்ன விலை? இப்போது மூன்றாவதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை நிட்?

நிட் என்பது ஒளிர்வை அளக்கும் அலகு. ஒரு சதுர மீற்றர் பரப்பிலிருந்து ஒரு கண்டெலா அளவு ஒளி நம்மை நோக்கி வருமாயின் அது ஒரு நிட். ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தை ஒரு சதுர மீற்றரில் பரப்பி வைத்ததாக எண்ணிக்கொள்ளலாம். கடையில் 1,000 நிட் பெட்டியும் 2,000 நிட் பெட்டியும் அருகருகே நின்று ஒளிவீசுகின்றன. விற்பனையாளர் அதிகமான எண்ணைச் சுட்டிக்காட்டுகிறார். வாங்குபவர் மயங்குகிறார். இரண்டுக்கும் இடையிலான விலை வேற்றுமையில் எங்கள் கரையோரக் குடும்பமொன்று பல மாதங்கள் சீவிக்கலாம்.

இந்த எண் மயக்கத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று சில காலமாகவே எண்ணியிருந்தேன். எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர்விலைத் தொலைக்காட்சி ஒன்றின் ஒளிர்வு பெட்டிக்குள் மட்டும் இருப்பதன்று. அது பெட்டிக்கும், பெட்டி இருக்கும் அறைக்கும், அதைப் பார்க்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள உறவு. அந்த உறவைச் சோதித்துச் சரிசெய்யாமல் எண்ணை மட்டும் கூட்டி வாங்குவது, உப்புக் கூடினால் கறி ருசிக்கும் என்று நம்புவதற்கு ஒப்பானது.

முதலில் எச்.டி.ஆர். எனப்படும் தொழில்நுட்பம் என்னவென்று பார்த்துவிடுவோம். இலங்கையில் 1979 ஏப்ரல் 13ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது. யப்பானின் உதவியுடன் 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தது. அந்தக் காலத்துக் குழாய்த் தொலைக்காட்சிகளை மனதில் கொண்டு உருவான ஒளிபரப்பு முறையில், படத்தின் மிக வெண்மையான புள்ளி ஏறத்தாழ 100 நிட் என்று கொள்ளப்பட்டது. இது குறைவென்று எண்ணவேண்டாம். டிஜிட்டல் திரையரங்குகளுக்கான வழக்கமான நியமம் 48 நிட் மட்டுமே. இருண்ட அரங்கில் அந்த 48 நிட்டைப் பார்த்துத்தான் நாம் கண்ணீர் வடித்திருக்கிறோம், விசில் அடித்திருக்கிறோம்.

ஆனால் உலகம் 100 நிட்டுக்குள் அடங்குவதன்று. நண்பகல் வெயிலில் ஒரு வெள்ளைக் கடதாசி ஏறத்தாழ 30,000 நிட் ஒளிர்கிறது. பழைய முறையின் குறையைக் கிரிக்கெட் இரசிகர்கள் நன்கறிவர். பிற்பகலில் பார்வையாளர் மேடையின் நிழல் ஆடுகளத்தின் பாதியில் விழும்போது கமெரா திணறும். வெயிலில் நிற்பவர் தெரிந்தால் நிழலில் நிற்பவர் கரியாகிவிடுவார். நிழலில் நிற்பவர் தெரிந்தால் வெயில் பகுதி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டவல்லதுதான் எச்.டி.ஆர். அதாவது, மிக இருண்ட பகுதிக்கும் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் இடையிலான வீச்சை விரிப்பது.

கவனிக்கவேண்டும்: விரிப்பது. படம் முழுவதையும் பளிச்சென்று ஆக்குவதன்று. 2014இல் வெளியான எஸ்.டி. 2084 என்ற நியமம் 10,000 நிட் வரையான ஒளியை எண்களாகக் குறிக்கும் வழியை வகுத்தது. டொல்பி விஷனும், 2015இல் அறிவிக்கப்பட்ட எச்.டி.ஆர். 10 என்ற முறையும் இதன்மீதுதான் நிற்கின்றன. 2016இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இதனைத் தன் பரிந்துரைக்குள் ஏற்றுக்கொண்டது. 10,000 நிட் வரை செல்லும் அந்தப் படிவரிசையில் ஏறத்தாழப் பாதிப் படிகள் 100 நிட்டுக்குக் கீழேயே வைக்கப்பட்டுள்ளன என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஏனெனில் மனிதக் கண் நுணுக்கமாக வேறுபடுத்திப் பார்ப்பது இருளைத்தான். எச்.டி.ஆர். படத்தின் கதை பெரும்பாலும் நிழலில் நடக்கிறது. ஆயிரம் நிட்டுக்கு மேற்பட்ட ஒளி வாள்நுனியிலும் அலையின் மினுக்கத்திலும் விளக்கின் சுடரிலும் ஒரு கணம் தோன்றி மறைவது.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்த முறையில் ஒவ்வோர் எண்ணும் இத்தனை நிட் என்று நேரடியாகக் கட்டளையிடுகிறது. பழைய முறையில் அப்படியல்ல. பகலில் ஒளியைக் கூட்டி, இரவில் குறைத்து, விருப்பம்போல் பார்த்தோம். புதிய முறையில் படத்தை உருவாக்கியவர் ஒரு முகத்துக்கு 60 நிட் என்று வைத்தால், நம் வீட்டிலும் அது 60 நிட்டாகவே தோன்றவேண்டும். நல்லதுதான். ஆனால் அவர் அதனை எங்கே அமர்ந்து தீர்மானித்தார்? திரையைச் சுற்றியுள்ள சுவர் வெறும் 5 நிட் ஒளிரும், ஏறக்குறைய இருண்ட அறையொன்றில். நியமமே அப்படித்தான் சொல்கிறது.

இப்போது வாசகர்களைக் கண்டக்குழிக்கு அழைத்துச் செல்கிறேன்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது கண்டக்குழி. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் குடாநாட்டைத் தாண்டினால் புத்தளம் களப்பு. இப்போது டொல்பின் பார்க்கவும் காற்றாடிப் பலகையில் அலைமேல் செல்லவும் வெளிநாட்டார் வருகின்றனர் என்றாலும், அடிப்படையில் அது மீனவர் ஊர். மணலும் கடலும் வானமும் மூன்று பக்கமாக வெயிலைத் திருப்பி அடிக்கும் இடம். அங்கே வீடு கட்டுகிறவர் காற்றுக்காகக் கதவையும் ஜன்னலையும் கடலை நோக்கித் திறந்து வைப்பார். அதாவது மேற்கே. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வெயில் காற்றோடு சேர்ந்தே உள்ளே வரும். 5 நிட் சுவர் என்பதை அங்கே சூரியன் மறைந்த பிறகுதான் கற்பனை செய்யலாம்.

அவ்வூரில் என் மனைவி வழியில் மாமா முறையான பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போனவர். புத்தளம் சிலாபம் கரையோரத்துப் பல குடும்பங்களைப் போல அவரது மகனும் இத்தாலியில் உழைக்கிறார். தந்தை கடலுக்குப் போவதை நிறுத்திய பின்னர் வீட்டில் பொழுதுபோக்காகப் பார்க்கட்டும் என்று, 65 அங்குலத்தில், விலையில் குறைவில்லாத ஒரு தொலைக்காட்சியை மகன் வாங்கிக் கொடுத்திருந்தார். பெட்டியின் மேல் 2,000 என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. நான் அங்கே போயிருந்தபோது பெரியவர் அதன் முன்னால் அமரவில்லை. வாசலில் அமர்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் கேட்டேன். "நடுப்பகல் கடலைப் பார்த்த மாதிரிக் கண் கூசுது மருமகன்" என்றார்.

கடல் வெயில் கண்ணுக்குச் செய்யும் கேடு மருத்துவர்கள் அறிந்தது. நெடுங்காலம் சூரியனின் புறஊதாக் கதிர்களை எதிர்கொண்டவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதும் வெண்புரை உண்டாவதும் கூடுதல். வெண்புரை தொடங்கிய கண்ணில் ஒளி நேராகச் செல்லாமல் சிதறும். அப்படிப்பட்ட கண்ணுக்கு இருண்ட திரையில் தோன்றும் ஒரு சிறு பேரொளி, அதன் பக்கத்திலுள்ள முகத்தையே மறைத்துவிடும். முதுமையில் கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. கூச்சமும் அப்போதுதான் கூடுதல் என்பதும் உண்மை. 2,000 என்ற எண்ணை அச்சிட்டவர் இந்த இரண்டாவது உண்மையை அச்சிடுவதில்லை.

அன்றிரவு அந்தத் தொலைக்காட்சியைச் சோதித்தேன். இதற்கு விலையுயர்ந்த அளவுமானி கட்டாயமன்று. சோதனைப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கண்டது, பெட்டி இன்னும் கடைக்கோலத்திலேயே இருந்தது. புதிய தொலைக்காட்சியை முதன்முறை இயக்கும்போது, வீட்டுப் பாவனையா கடைக் காட்சியா என்று அது கேட்கும். கொண்டுவந்து பொருத்திய ஆட்கள் கடைக் காட்சி என்பதையே தெரிவு செய்துவிட்டுப் போயிருந்தனர். நூறு குழல்விளக்குகளுக்கு நடுவே பக்கத்துப் பெட்டியை வெல்வதற்கென அமைந்த கோலம் அது. ஒளி உச்சத்தில், வண்ணம் உச்சத்தில், வெண்மை நீலம் பாரித்திருக்கும். நாம் எதையாவது மாற்றினாலும் சிறிது நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மணமகளுக்கு மேடையில் போட்ட அலங்காரத்தோடு அடுப்படிக்கு அனுப்பியது போன்ற நிலை.

வீட்டுப் பாவனைக்கு மாற்றிய பின்னர் இரண்டு சோதனைகள் செய்தேன். ஒன்று கருமைக்கு. கரும்பின்னணியில் அதைவிடச் சற்றே வெளிறிய பட்டைகள் வரிசையாக நிற்கும் படம். பட்டைகள் ஒன்றும் தெரியாவிட்டால் நிழல்கள் மூழ்குகின்றன. எல்லாம் சாம்பலாகத் தெரிந்தால் கருமை வெளுத்துவிட்டது. முதற் சில பட்டைகள் மட்டும் மெல்லத் தெரியவேண்டும். மற்றது வெண்மைக்கு. 1,000 நிட்டிலிருந்து 4,000 நிட் வரை குறிக்கப்பட்ட வெள்ளைப் பட்டைகள். எந்த இடத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து மறைகின்றனவோ, அதற்கு மேற்பட்ட நுணுக்கத்தை அந்தத் தொலைக்காட்சி காட்டவில்லை என்று பொருள். படத்தில் 4,000 நிட் இருந்து, பெட்டிக்கு 1,000 மட்டுமே இயலுமானால், அது ஒன்றில் மேற்பகுதியை வெட்டும், அல்லது எல்லாவற்றையும் அழுத்திச் சுருக்கி உள்ளே அடக்கும். இதனைத் தொனி இசைவாக்கம் எனலாம். ஒவ்வொரு நிறுவனமும் இதனைத் தன் விருப்பப்படி செய்கிறது. ஒரே படம் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகத் தோன்றுவதற்கு முதற்காரணம் இதுதான்.

மூன்றாவது சோதனைதான் அட்டைப்பெட்டி எண்ணின் இரகசியத்தை உடைப்பது. கறுப்புத் திரையின் நடுவே ஒரு வெள்ளைச் சதுரம். முதலில் திரையின் பத்தில் ஒரு பங்கு. பின்னர் நான்கில் ஒரு பங்கு, பாதி, முழுத்திரை. சதுரம் பெருகப் பெருக வெண்மை மங்கிக்கொண்டே போகும். குறிப்பாக ஓலெட் வகைப் பெட்டிகளில் இதனை வெறுங்கண்ணாலேயே காணலாம். வெப்பத்தையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்த, பெட்டியே தன் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. விளம்பரத்தில் வரும் ஆயிரக்கணக்கான நிட் என்பது பொதுவாகப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் சிறிதோ ஆன சதுரத்தில், அதுவும் சிறிது நேரம் மட்டும், எட்டப்படும் உச்சம். முழுத்திரையும் வெண்மையானால் பல மாதிரிகளில் அது சில நூறு நிட்டாகச் சுருங்கிவிடும். எண் பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. நூறு மீற்றர் ஓட்டக்காரரின் வேகத்தைச் சொல்லி, அவர் புத்தளத்திலிருந்து கொழும்புக்கு அதே வேகத்தில் ஓடுவார் என்று எண்ணவைப்பது போன்றது.

சரி, ஒளி இரு மடங்கானால் கண்ணுக்கு இரு மடங்காகத் தெரியுமா? தெரியாது. 1,000 நிட்டை 2,000 ஆக்கினால் நமது கண் உணரும் அதிகரிப்பு ஏறத்தாழக் கால்பங்குதான். கண் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நிலவிலும் நண்பகலிலும் ஒரே கண்ணால் பார்க்கவேண்டுமே!

இனி ஜன்னல் கணக்குக்கு வருகிறேன். இதுவே எனது வாதத்தின் உயிர்நாடி. பகலில் அந்த வீட்டின் கூடம் போன்ற ஓர் அறையில், திரையின்மீது 200 லக்ஸ் வெளிச்சம் விழுவதாகக் கொள்வோம். கண்ணாடி அதில் ஒரு வீதத்தை மட்டும் சிதறடித்துத் திருப்புவதாகவும் கொள்வோம். கணக்கிட்டால், திரையின் கருமை பூச்சியமாக இராது, 0.64 நிட் ஒளிரும். அந்த நிலையில் 1,000 நிட் பெட்டியின் வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலான விகிதம் சுமார் 1,600. பெரும் பணம் கொடுத்து 2,000 நிட் பெட்டியை வாங்கினால் அது சுமார் 3,100 ஆகும். பெட்டியை மாற்றாமல், தடித்த திரைச்சீலை ஒன்றால் அந்த 200 லக்ஸை 10 லக்ஸாகக் குறைத்தால், பழைய 1,000 நிட் பெட்டியிலேயே விகிதம் 31,000ஐத் தாண்டும். பணம் இரண்டு மடங்காக்கியதைத் துணி இருபது மடங்காக்குகிறது.

அதுமட்டுமன்று. 0.64 நிட்டுக்குக் கீழே அந்த நியமத்தின் படிகளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இருக்கிறது. வெயில் விழும் அறையில் அந்தப் படிகள் அத்தனையும் கண்ணாடியின் மங்கலுக்குள் மூழ்கிவிடும். இருட்டில் நிற்கும் மனிதனின் தோளும், இரவுக் கடலின் அலைக்கோடும், கருங்கூந்தலின் இழைகளும் அங்கேதான் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கிய எச்.டி.ஆர். பகலிலே காணாமற் போவது இப்படித்தான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. 2019 ஏப்ரல் 28ஆம் திகதி "கேம் ஒஃப் த்ரோன்ஸ்" தொடரின் இரவுப் போர் அத்தியாயம் ஒளிபரப்பானபோது, உலகெங்கும் பார்வையாளர்கள் எதுவுமே தெரியவில்லை என்று கொதித்தெழுந்தனர். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், தாம் எடுத்தது தெளிவாகவே இருந்ததென்றும், பலருக்குத் தங்கள் தொலைக்காட்சியைச் சரியாக அமைக்கத் தெரியவில்லை என்றும் பதிலளித்தார். இணையவழி அனுப்பும்போது படத்தைச் சுருக்கியதால் இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாக உடைந்ததும் ஒரு காரணம்.

தமிழர்களாகிய நமக்கு இந்த வழக்கு புதியதன்று. எண்பதுகளில் பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் "மௌன ராகம்", "நாயகன்" போன்ற படங்கள் வந்தபோது, என்ன இப்படி இருட்டாக எடுத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் பலர். "நாயகன்" ஒளிப்பதிவுக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. விருதுக்குழு பார்த்த திரை ஒன்று. விளக்கின் வலு குன்றிய சிற்றூர்க் கொட்டகையின் திரை வேறொன்று. கலைஞன் எடுத்த இருளும் கொட்டகைக்காரன் சேர்த்த இருளும் ஒன்றாகக் கலந்துவிட்டால், பார்ப்பவன் யாரை நோவான்?

என்னைக் கேட்டால், அந்த வழக்கில் இரு தரப்பிலும் குறை உண்டு என்பேன். படைப்பாளியின் நோக்கத்தை மதிக்கவேண்டும். அதற்காகவே 2019இல் திரைப்பட இயக்குநர்களின் ஆதரவோடு ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. கிறிஸ்டோபர் நோலன், மார்ட்டின் ஸ்கோர்செஸி போன்றோர் அதனை வரவேற்றனர். ஆனால் இருண்ட அறையில் அமர்ந்து ஒளியைத் தீர்மானிப்பவர், அதே படத்தை மதியச் சோற்றின்பின் கதவு திறந்திருக்கும் கூடத்தில் பார்க்கப்போகும் மனிதரையும் ஒரு கணம் நினைக்கவேண்டும். கைத்தொலைபேசியில், பேருந்தில் பார்ப்பவரையும் நினைக்கவேண்டும்.

ஒரு நியாயமான மறுப்பைக் கேட்கிறேன். "பகலிலும் பார்க்கத்தானே அதிக நிட் வாங்குகிறோம்? எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டு புழுக்கத்தில் இருக்க முடியுமா?" முடியாதுதான். பகல் வெளிச்சத்தில் செய்தியும் கிரிக்கெட்டும் பார்ப்பவருக்கு ஒளி வலுவான பெட்டி பயன் தரும். அதனை நான் மறுக்கவில்லை. பி.பி.சி.யும் யப்பானின் என்.எச்.கே.யும் சேர்ந்து உருவாக்கிய எச்.எல்.ஜி. என்ற மற்றோர் எச்.டி.ஆர். முறை, கட்டளையிடும் எண்களை விட்டு, பெட்டியின் ஆற்றலுக்கேற்ப ஒளியை விரித்துக்கொள்ளும் வகையில் அமைந்தது. நேரடி ஒளிபரப்புகளுக்கு உகந்தது. அறையின் வெளிச்சத்தை உணர்ந்து படத்தின் நிழல்களை உயர்த்தும் டொல்பி விஷன் ஐ.கியூ. 2020இல் வந்தது. இவையெல்லாம் நல்ல முயற்சிகள். எனது மறுப்பு ஒளிக்கு அன்று. பகலுக்கு வேண்டிய ஒளியை இரவிலும், இளங்கண்ணுக்கு வேண்டியதை முதிய கண்ணிலும், ஒரே அளவாக ஊற்றுவதற்குத்தான்.

இந்த ஒளிக்கு மின்கட்டணமும் உண்டு. கண்டக்குழி இருக்கும் அதே கற்பிட்டிக் குடாநாட்டில்தான் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இருக்கிறது. 2011இல் முதற்பகுதியும் 2014இல் ஏனையவும் இயங்கத் தொடங்கி, 900 மெகாவாற் கொள்ளளவுடன் நிலக்கரியை எரிக்கும் நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையம் அது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியது. பின்னர் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் தொலைக்காட்சியின் மின்நுகர்வு அட்டையில், எச்.டி.ஆர். படம் ஓடும்போது ஆகும் செலவு தனித் தரத்துடன் தனியாக அச்சிடப்படுகிறது. ஏன் தனியாக? சாதாரணப் படத்துக்கு ஆவதைவிட அது கணிசமாகக் கூடக்கூடும் என்பதனால். இங்கே நம் கடைகளில் அந்த எண்ணை எவரும் கேட்பதுமில்லை, எவரும் சொல்வதுமில்லை.

செய்தித்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். செய்தி அலைவரிசைகளின் சின்னமும் கீழே நிற்கும் செய்திப்பட்டியும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் உச்ச ஒளியில் நின்றால், ஓலெட் திரையில் அந்த இடத்துப் புள்ளிகள் விரைவில் முதுமை அடையும். நாளடைவில் அந்தச் சின்னத்தின் ஆவி திரையில் நிரந்தரமாகக் குடியேறும். ஒளியைக் குறைத்துப் பார்ப்பது பெட்டியின் ஆயுளையும் கூட்டும்.

அமைப்புகளைத் தேடிச் செல்பவரைத் தடுமாறவைப்பது அங்குள்ள சொற்கள். "பிரைட்னஸ்" என்று எழுதியிருப்பது பல பெட்டிகளில் ஒளியைக் கூட்டுவதில்லை; கருமையின் மட்டத்தைத்தான் ஏற்றி இறக்குகிறது. குழாய்த் தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் வழக்கு அது. "கொன்ட்ராஸ்ட்" என்பதுதான் வெண்மையைக் கூட்டுவது. திரையின் உண்மையான ஒளிக்கு வேறொரு பெயர், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறாக இருக்கும். சில நிறுவனங்கள் அதற்கே "பிரைட்னஸ்" என்று பெயரிட்டுள்ளன. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் என்றால், அதனைப் "பிரகாசம்" என்று மொழிபெயர்த்து நம் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? கருமை மட்டம், வெண்மை மட்டம், திரை ஒளி என்று செயலுக்கேற்ற மூன்று பெயர்களை வைத்தால் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் செய்தி அறைகளில் நாள்தோறும் சொல்வது இதைத்தான்.

செய்யவேண்டியவை மிகச் சில. கடைக் கோலத்தை நீக்குங்கள். பளபளப்பான கோலங்களை விட்டு, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்ற கோலத்தைத் தெரிவு செய்யுங்கள். முதல் இரண்டு நாட்கள் படம் மஞ்சளாகவும் மந்தமாகவும் தோன்றும். மூன்றாம் நாள் பழைய கோலம் உங்களுக்கே பொறுக்காது. வழக்கமாக எந்த நேரத்தில், எந்த விளக்கில் பார்க்கிறீர்களோ, அந்த நேரத்தில் அந்த விளக்கில் சோதியுங்கள். வெளியிலிருந்து உள்ளே வந்தவுடன் சோதிக்கவேண்டாம். கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். இரவில் கடலுக்குச் செல்பவர்களுக்கு இதனை நான் சொல்லித்தரத் தேவையில்லை. கருமை மட்டத்தைப் பெரும்பாலும் தொடவேண்டியிராது. பகலுக்கு ஓர் அமைப்பும் இரவுக்கு ஓர் அமைப்புமாக இரண்டைப் பதித்து வையுங்கள். திரையின் பின்னால் சுவரில் ஒரு மெல்லிய விளக்கு இருந்தால் கண்கூச்சம் குறையும். ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் பெட்டியை மாட்டாதீர்கள். முதியவர் பார்ப்பதானால், நியமம் சொல்வதை விடவும் திரை ஒளியைக் குறையுங்கள். நியமம் மனிதருக்காகத்தான்.

கண்டக்குழிப் பெரியவருக்கு நான் செய்ததும் இவ்வளவே. பெட்டியைப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த சீலை ஒன்று போட்டோம். திரை ஒளியை இறக்கினேன். அவர் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துக்கொண்டு அமர்ந்தார். பழைய படம் ஒன்றின் புதுப்பித்த பிரதி ஓடியது. சிறிது நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இப்பதான் மனுசர்ர முகம் தெரியுது" என்றார். உச்ச ஒளியில் பாதிக்கும் குறைவாகவே அப்போது அந்தப் பெட்டி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மிலானிலும் இருந்து இதனை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊரிலுள்ள பெற்றோருக்குப் பெரிய பெட்டி வாங்கிக் கொடுப்பது உங்கள் அன்பு. அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இரண்டாயிரமா மூவாயிரமா என்று நிட் கணக்குப் பார்க்கும்போது, அந்த வீட்டின் வாசல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதையும், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கடைசியாகக் கண் சோதித்தது எப்போது என்பதையும் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்யுங்கள். அடுத்த விடுமுறையில் வரும்போது ஓரிரவில் அரைமணி நேரம் ஒதுக்கி, அவர்களைப் பக்கத்தில் இருத்தி, றிமோட்டைக் கையில் எடுங்கள். எந்த அளவில் அவர்கள் கண்ணைச் சுருக்காமல் பார்க்கிறார்களோ, அந்த அளவுதான் அந்த வீட்டுக்கான நியமம்.